வால்வு றேடியோ: பிளக்கைக் கடைசியில் தொடுங்கள்

பழைய வால்வு றேடியோக்களைத் திருத்துவது பற்றிச் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “கரண்டைக் குடுத்துப் பாக்கலாமோ?” அதனால் அதையே முதலில் எடுத்திருக்கிறோம்.

கேள்வி (நல்லூர் வாசகர்): எங்கட அப்பப்பாவின்ர பிலிப்ஸ் றேடியோ 1990இல கரண்ட் நிண்டதோட அலுமாரிக்கு மேல ஏறினது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் போடேல்லை. உள்ளுக்குள்ள ஈஎல்84, ஈஇசெட்80 எண்டு எழுதின வால்வுகள் இருக்கு. வெளியில ஒரு பழுதும் தெரியேல்லை. ஒருக்காப் போட்டுப் பாக்கலாமோ?

பதில்: போட வேண்டாம், ஐயா. முப்பது வருடத்துக்கு மேல் கிடந்த பெட்டியின் கதை முடிவது பெரும்பாலும் அந்த “ஒருக்கா”வில்தான்.

காரணம் இரண்டு. வடிகட்டும் எலெக்ட்ரோலிட்டிக் கொண்டென்சருக்குள் அலுமினியத் தாளின் மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் இருக்கிறது. மின்சாரத்தைத் தடுத்து நிற்பது அந்தப் படலம்தான். பாவிக்காமல் கிடந்தால் அது கரைந்து போகும். திடீரென்று 300 வோல்ற் ஏறும்போது கொண்டென்சர் தடுக்காமல் கரண்டை விட்டுவிடும், சூடேறி வெடிக்கும். போகும்போது ஏசியை டிசியாக்கும் ரெக்டிபையர் வால்வையும் (ஈஇசெட்80), சில வேளை ரான்ஸ்போமரையும் கொண்டு போகும். இரண்டாவது, ஸ்பீக்கரை ஓட்டும் வெளியீட்டு வால்வுக்கு (ஈஎல்84) முன்னால் இருக்கும் சின்னக் கடதாசிக் கொண்டென்சர். எங்கள் ஊர் உப்புக்காற்றில் அது ஈரம் குடித்திருக்கும். அது கசிந்தால் வால்வின் கிரிட்டில், அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் உள்வலையில், நேர் வோல்ற்று ஏறி, வால்வு அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் இழுக்கும். பாட்டு நன்றாகவே கேட்கும். அரை மணித்தியாலத்தில் புகை வரும்.

வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

பின்மூடியைக் கழற்றி, எதையும் தொட முதல் நாலு பக்கமும் போன் கமராவால் படம் எடுங்கள். எந்த வால்வு எந்தக் குழியில் என்பதைக் குறித்துவிட்டு, மேலிருந்து நேராக இழுத்துக் கழற்றுங்கள். ஒட்டறை, பல்லி முட்டை, குளவி மண், சுண்டெலிக் கூடு எல்லாம் காய்ந்த பெயின்ற் பிறஷ்ஷால் போகட்டும், தண்ணீர் வேண்டாம். எலி மூத்திரம் பட்ட இடத்தில் சேஸியில் (வால்வுகள் பொருத்திய உலோகத் தட்டில்) கறள் இருந்தால், அதற்குக் கீழே உள்ள வயரையும் பாருங்கள். அக்கால ரப்பர் வயர் விரலால் வளைத்தாலே பொடியாக உதிரும். உதிர்ந்தால் அந்த வயரை மாற்றுங்கள். துணி சுற்றிய பழைய மெயின்ஸ் வயரை எப்படி இருந்தாலும் வெட்டி எறியலாம்.

மாரியில் எடுத்த பெட்டி என்றால் முதலில் உலர்த்துங்கள். ஒரு மரப்பெட்டிக்குள் சேஸியையும், அதற்கு ஓர் அடி தள்ளி எரியும் 40 வாற் இழை மின்குமிழ் ஒன்றையும் வைத்து, பகலில் ஆள் பார்த்திருக்கும் நேரத்தில் மட்டும் ஏற்றி, இரண்டு மூன்று நாள் காய விட்டால் போதும். மொட்டை வெயிலில் வைத்தால் சுருள்களின் மெழுகு உருகிவிடும்.

பிறகு, கரண்ட் இல்லாமலே மல்ரிமீற்றர். மெயின்ஸ் ரான்ஸ்போமரின் முதல் சுற்று ஏறத்தாழ 20 முதல் 60 ஓம் காட்ட வேண்டும். ஸ்பீக்கர் ரான்ஸ்போமரின் முதல் சுற்று 200 முதல் 600 ஓம் வரை. ஈஇசெட்80இன் 3ஆம் காலுக்கும் சேஸிக்கும் இடையில் மீற்றர் முதலில் குறைவாகக் காட்டி மெல்ல ஏற வேண்டும். சில நூறு ஓமில் நின்றுவிட்டால் எங்கோ ஷோர்ட். வயரிங் செய்பவரிடம் மெகர் (மின்கசிவு பார்க்கும் மீற்றர்) இருந்தால், ரான்ஸ்போமரின் முதல் சுற்றுக்கும் சேஸிக்கும் இடையில் 500 வோல்ற்றில் பாருங்கள். 2 மெகாஓமுக்குக் குறைந்தால் இன்னும் காய வேண்டும். மெயின்ஸ் பக்கத்திலிருந்து சேஸிக்குக் கொண்டென்சர் போட்டிருந்தால், மெகர் வைக்க முதல் அதன் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள்.

கசியும் கொண்டென்சர்களை மாற்றுவது இதற்குப் பிறகு. அதை அடுத்த பதிலில் சொல்கிறோம். மாற்றிய பின்தான் கரண்ட். அதுவும் நேராக அல்ல, தொடராக ஒரு மின்குமிழைப் போட்டு. லைவ் வயரை வெட்டி, இடையில் ஒரு மின்குமிழ்த் தாங்கியைப் பொருத்தினால் கருவி தயார். உள்ளே ஷோர்ட் என்றால் மின்குமிழ் பளீரென்று எரியும், பெட்டிக்குள் ஒன்றும் எரியாது. இதற்கு இழை மின்குமிழ்தான் வேண்டும். எல்ஈடி, சீஎஃப்எல் இரண்டும் உதவாது. அவற்றுக்குள் உள்ள சுற்று தன் பாட்டில் கரண்டைக் கட்டுப்படுத்தும், உங்களுக்கு உண்மை தெரியாது. இழை மின்குமிழ் இப்போது கடையில் அரிது என்பதால், 42 வாற் ஹலஜன் கிடைத்தாலும் சரி.

முதல் தரம் எல்லா வால்வும் வெளியில், டயல் பல்பும் வெளியில். 40 வாற் மின்குமிழின் இழை சிவப்பாகத் தெரிவதே கூடுதல். இதிலேயே பிரகாசமாக எரிந்தால் ரான்ஸ்போமர் போய்விட்டது. இரண்டாம் தரம் ஈஇசெட்80 தவிர மற்ற வால்வுகளைப் போடுங்கள். மின்குமிழ் அரை மங்கலாக எரியும், வால்வு இழைகள் செம்மஞ்சளாகத் தெரியும். இருபது நிமிடம் அப்படியே விட்டு, பிளக்கைக் கழற்றி ரான்ஸ்போமரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. தார் மணம் வந்தால் நிறுத்துங்கள்.

மூன்றாம் தரம் 100 வாற் மின்குமிழை மாட்டி, ஈஇசெட்80ஐயும் போடுங்கள். அரை நிமிடத்தில் வால்வுகள் சூடாகி, மின்குமிழ் சற்றுக் கூடும். அந்த நேரத்தில் மீற்றரின் கறுப்புக் கம்பி சேஸியில், சிவப்புக் கம்பி ஈஎல்84இன் 2ஆம் காலில் (கிரிட்) இருக்க வேண்டும். பூச்சியம்தான் சரி. 0.2 வோல்ற்றுக்கு மேல் நேராக ஏறினால் உடனே நிறுத்துங்கள். கிரிட்டுக்கு முன்னாலுள்ள கொண்டென்சரின் ஒரு முனையைக் கழற்றி மறுபடி பாருங்கள். வோல்ற்று போய்விட்டால் கொண்டென்சர் கள்ளன். போகாவிட்டால் வால்வுக்குள் வாயு புகுந்திருக்கிறது.

எல்லாம் சரியென்றால் மின்குமிழை எடுத்துவிட்டு, 500 மில்லிஅம்பியர் மெதுவாக உருகும் பியூஸ் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு நேராகக் கொடுங்கள். கடைசியாக ஒரு கணக்கு: ஈஎல்84இன் 3ஆம் காலில் 7.3 வோல்ற் அளவு இருக்க வேண்டும். அங்கே இருக்கும் ரெசிஸ்டர் 135 ஓம் என்றால், 7.3ஐ 135ஆல் பிரித்தால் 54 மில்லிஅம்பியர். வால்வுக்கு உரிய கரண்ட் அதுதான். 10 வோல்ற் காட்டினால் 74 மில்லிஅம்பியர். வால்வும் ரான்ஸ்போமரும் அதைக் கனநாள் தாங்கா.

இன்னொன்று. பின்பக்கத்து வோல்ற்றுத் தட்டு எதில் நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் மெயின்ஸ் 230, ஏறினால் 240க்கு மேலும் போகும். 245 என்ற இடம் இருந்தால் அதில் வையுங்கள். 220தான் அதிகம் என்றால் லைவ் வயரில் 68 ஓம், 10 வாற் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால் 15 வோல்ற் குறையும்.

கேள்வி (கொக்குவில் வாசகர்): எந்தக் கொண்டென்சரை மாத்துறது, எதை விடுறது? எல்லாத்தையும் புடுங்கி எறியச் சொல்லுறாங்கள்.

பதில்: எல்லாம் வேண்டாம். மெழுகு பூசிய கடதாசிக் குழாய்கள், பிலிப்ஸின் கறுத்தத் தார் பூசியவை, வெடிப்பு விழுந்த பிளாஸ்ரிக் உறையில் இருப்பவை, எலெக்ட்ரோலிட்டிக் ஆகியவைதான் மாற வேண்டியவை. மைக்காவும் செராமிக்கும் பெரும்பாலும் இன்னும் எங்களைவிடத் திடமாக இருக்கும். அவற்றைத் தொட்டால் நிலையம் பிடிக்கும் இடம் நகர்ந்துவிடும்.

கடதாசிக்குப் பதிலாக 630 வோல்ற் பொலியெஸ்ரர் அல்லது பொலிப்ரொப்பிலீன். பழைய அளவு அப்படியே கிடைக்காது, கிட்டிய அளவு போதும்: 0.05க்கு 0.047, 0.005க்கு 0.0047 மைக்ரோபரட். பழைய பெட்டியில் 5000 பீஎஃப் என்று எழுதியிருந்தால் அது 0.005தான். எலெக்ட்ரோலிட்டிக்கில் 8க்கு 10, 32க்கு 33, 50க்கு 47 மைக்ரோபரட், எல்லாம் 450 வோல்ற். இரைச்சல் குறையும் என்று 220 மைக்ரோபரட் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஈஇசெட்80 தாங்கும் எல்லை 50. அதற்கு மேல் போட்டால் ஒவ்வொரு தரமும் நிரப்பும் கரண்ட் துடிப்பு வால்வுக்குள் பொறி பறக்க வைக்கும்.

புதியதைப் பழையதன் மேல் சமாந்தரமாகப் பொருத்திவிட்டு “திருத்தியாச்சு” என்பது மிகப் பெரிய பிழை. கசிவது கசிந்துகொண்டே இருக்கும். பழைய அலுமினியக் குவளை அழகுக்கு மேலே நிற்கட்டும், வயர்களை மட்டும் கழற்றி, புதியதைச் சேஸிக்குக் கீழே வையுங்கள். மெல்ல மெல்ல வோல்ற்று ஏற்றிப் பழைய எலெக்ட்ரோலிட்டிக்கை உயிர்ப்பிக்கலாம்தான். ஆனால் அதற்கு மினைக்கெடுவதில் பயனில்லை என்பது எங்கள் எண்ணம்.

மெயின்ஸுக்குக் குறுக்கே இருப்பதற்குச் சாதாரணக் கொண்டென்சர் கூடாது. எக்ஸ்2 என்று பொறித்த, 275 வோல்ற் ஏசி வகை வேண்டும். மெயின்ஸிலிருந்து சேஸிக்கும், அன்ரெனா, ஏர்த் குழிகளுக்கும் போவது வை2 வகையாக இருக்க வேண்டும். எக்ஸ்2 பழுதானால் பியூஸ் போகும். மற்ற இடத்தில் பழுதானால் ஆள் போகலாம். அதற்காகவே வை2ஐ அப்படிப் பழுதாகாமல் செய்கிறார்கள்.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள்: ஒன்றைக் கழற்றி, ஒன்றைப் பொருத்தி, சரியான இடந்தானா என்று படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்தது. பத்தையும் ஒரே இரவில் மாற்றினால் பிழை எங்கே என்று பிறகு தேட முடியாது. நிறுத்திய பிறகும் பெட்டிக்குள் 300 வோல்ற் நிற்கும். 10 கிலோஓம் 5 வாற் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு கொக்கி வயரோடு செய்து, கொண்டென்சருக்குக் குறுக்கே சில வினாடி பிடித்து, மீற்றரில் பூச்சியம் கண்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். திருப்புளியால் ஷோர்ட் அடித்து இறக்கும் பழக்கம் கொண்டென்சரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

அப்படியே ரெசிஸ்டர்களையும் அளந்து பாருங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதோடு மேலே ஏறும். 220 கிலோஓம் 400 காட்டுவது சாதாரணம். 20 வீதத்துக்கு மேல் ஏறியதை மாற்றலாம்.

கேள்வி (கரவெட்டி வாசகி): எங்கட றேடியோவில சத்தம் கூட்டுற பிடி கழண்டு போச்சு. அந்தக் கம்பியைத் தொட்டா அடிக்குது. பிளக்கைத் திருப்பிப் போட்டா அடிக்குதில்லை. அப்ப சரிதானே?

பதில்: சரியில்லை, அம்மா. இந்தப் பதிலை வாசித்து முடியும் வரை அந்தப் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

உங்களுடையது ஏசி/டிசி வகை. மெயின்ஸ் ரான்ஸ்போமர் இல்லாமல், மெயின்ஸின் ஒரு கம்பியையே நேராகச் சேஸியில் இணைத்த பெட்டி. வால்வு எழுத்தைப் பார்த்தால் தெரியும். ஈ என்று தொடங்கினால் 6.3 வோல்ற் இழை, பெரும்பாலும் ரான்ஸ்போமர். யூ என்று தொடங்கினால் எல்லா இழையும் வரிசையாக, 100 மில்லிஅம்பியரில். யூசிஎச்81க்கு 19, யூஎஃப்89க்கு 12.6, யூபிசி81க்கு 14, யூஎல்84க்கு 45, யூவை85க்கு 38. கூட்டினால் 128.6 வோல்ற். மிச்சம் 101 வோல்ற்றை ஒரு பெரிய ரெசிஸ்டர், சுமார் 1000 ஓம், 10 வாற் சூடாக விழுங்குகிறது. பெட்டியின் ஒரு மூலை அடுப்புப் போல் இருப்பது அதனால்தான். அந்த மூலையில் சாம்பல் நிற அட்டை ஒட்டியிருந்தால் சுரண்ட வேண்டாம். அது அஸ்பெஸ்ரசாக இருக்கலாம்.

ஆனால் எழுத்தை மட்டும் நம்பக்கூடாது. யூ வால்வோடு சிறிய ஒற்றைச் சுற்று ரான்ஸ்போமர் வைத்த பெட்டிகளும் உண்டு. அவற்றிலும் சேஸி மெயின்ஸோடுதான். உறுதிக்கு, பிளக்கைச் சுவரில் போடாமல், றேடியோ சுவிச்சை ‘ஒன்’ இல் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு காலுக்கும் சேஸிக்கும் இடையில் ஓம் பாருங்கள். பூச்சியமோ சில நூறோ காட்டினால் அது சூட்டுச் சேஸி, அதாவது மெயின்ஸோடு நேராக இணைந்த சேஸி.

இப்போது நீங்கள் கேட்டது. இரண்டு கால் உருண்டைப் பிளக் எப்படியும் மாட்டும். நியூட்ரல் சேஸிக்கு வந்தால் அடிக்காது, லைவ் வந்தால் அடிக்கும். “திருப்பிப் போட்டால் சரி” என்பது நாளைக்கு வேறு யாரோ பிளக்கைக் கழற்றி மாட்டும் வரைக்கும்தான். பழைய வீட்டு வயரிங்கில் சுவர்க்குழியிலேயே இரண்டும் மாறி இருப்பதும் உண்டு. இதைவிட மோசமான ஒன்று: சில பெட்டிகளில் சுவிச் ஒரு கம்பியை மட்டும், அதுவும் சேஸிப் பக்கக் கம்பியை, வெட்டும். அப்படிப்பட்டதில் பிளக் “சரியாக” இருந்தாலும், சுவிச்சை நிறுத்தியதும் இழைகளின் வழியாக லைவ் சேஸிக்கு வந்துவிடும். ஓடும்போது அடிக்காது, நிறுத்தினால் அடிக்கும்.

செய்ய வேண்டியது: உடனடியாகப் பிடிகளைத் திரும்பப் பொருத்தி, அவற்றின் சிறு திருகாணிக் குழிகளை மெழுகால் அடையுங்கள். பின்மூடி இல்லாமல் ஒருபோதும் ஓட்டக்கூடாது. சேஸிக்கு ஏர்த் வயர் இணைக்கக்கூடாது. மூன்று கால் சதுரப் பிளக்காக மாற்றி, லைவ் எது, நியூட்ரல் எது என்று ரெஸ்ரரால் பார்த்து, இரண்டு கம்பியையும் வெட்டும் சுவிச் போடுங்கள். பிளக்குக்குள் 13 அம்பியர் பியூஸ் வேண்டாம், 3 அம்பியர் போதும்.

திருத்தும் மேசையில் இது போதாது. அங்கே பெட்டியை மெயின்ஸிலிருந்து பிரிக்கும் 230க்கு 230 ரான்ஸ்போமர், 100 விஏ, கட்டாயம். கிடைக்காவிட்டால் ஒரே மாதிரியான 230க்கு 12 வோல்ற், 100 விஏ ரான்ஸ்போமர் இரண்டை எடுத்து, 12 வோல்ற் பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்தால் அடுத்த பக்கத்தில் 200 வோல்ற்றுக்குச் சற்று மேல் வரும். பரிசோதிக்க அது காணும். குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் ஸ்ரெபிலைசர் பிரிப்பதில்லை, அதை நம்ப வேண்டாம். ரிப் சுவிச்சும், பிரிக்கும் ரான்ஸ்போமருக்கு அப்பால் நடப்பதைப் பார்க்காது. அதனால் ஒரு கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு வேலை செய்யும் பழைய வழக்கம் இன்னும் நல்லதுதான்.

கேள்வி (சுன்னாகம் வாசகர்): என்னட்ட வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கிற வேரியாக் இருக்கு. நாள் முழுக்க மெல்ல மெல்லக் கூட்டினா மின்குமிழ் தேவையில்லைத்தானே?

பதில்: ரெக்டிபையர் வால்வு சூடாகாமல் கரண்ட் விடாது. மெயின்ஸில் பாதிக்கு மேல் வரும் வரை கொண்டென்சருக்கு ஒன்றுமே போகாது, பிறகு ஒரேயடியாகப் போகும். நாள் முழுக்கக் காத்திருப்பது வீண். வேரியாக்கும் பிரிக்கும் ரான்ஸ்போமர் அல்ல. அதற்குப் பின்னும் மின்குமிழ் வேண்டும்.

கேள்வி (சாவகச்சேரி வாசகர்): சத்தமே இல்லை. ஈஎல்84 வால்வுக்குள்ள ஒரு மெல்லிய வலை சிவப்பா எரியுது. வால்வு போயிட்டுதோ?

பதில்: இன்னும் போகவில்லை, போய்க்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். எரிவது இரண்டாவது கிரிட். வெளித்தகடு சிவந்தால் கசியும் கொண்டென்சர். உள்வலை சிவந்தால் தகட்டுக்கு வோல்ற்று வரவில்லை என்று பொருள், கரண்ட் முழுவதும் வலை வழியாகப் போகிறது. ஸ்பீக்கர் ரான்ஸ்போமரின் முதல் சுற்று அறுந்திருக்கும். எங்கள் கடற்காற்றில் மயிர் போன்ற அந்தச் செப்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்து அறுவது மிகச் சாதாரணம். 7ஆம் காலில் (தகடு) வோல்ற்று இல்லை, 9ஆம் காலில் (உள்வலை) 200க்கு மேல் என்றால் முடிவு அதுதான்.

புதிய ரான்ஸ்போமர் தேடி அலையத் தேவையில்லை. கோயில் திருவிழாக்களில் மரத்தில் கட்டும் குழல் ஸ்பீக்கர்களுக்குள் 100 வோல்ற் லைன் ரான்ஸ்போமர் இருக்கிறது. அதில் 2 வாற் என்று குறித்த முனை, 100ஐ 100ஆல் பெருக்கி 2ஆல் பிரித்தால், 5000 ஓம். ஈஎல்84க்கு வேண்டியது 5200. ஒரு குறை: அந்த இரும்புத் தகடுகளுக்கு இடையில் இடைவெளி இல்லாததால், ஓயாமல் ஓடும் டிசி அதை நிறைத்துவிடும், மிருதங்கத்தின் தொப்பி மெலியும். அதனால் 10 வாற் அளவு பருத்ததாக எடுத்து, 2 வாற் முனையைப் பாவியுங்கள். பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் போதும்.

ஸ்பீக்கர் வயரைக் கழற்றி வைத்துக்கொண்டு வால்வு றேடியோவை ஓட்டுவதும் கூடாது. சுமை இல்லாத ரான்ஸ்போமரில் வோல்ற்று எகிறி, அதே சுற்றுத்தான் அறும்.

கேள்வி (வேலணை வாசகர்): பற்றரியில ஓடுற பழைய வால்வுப் பெட்டி ஒண்டு கிடக்கு. அந்தப் பெரிய பற்றரி இப்ப எங்க எடுக்கிறது?

பதில்: அந்தப் பற்றரி இப்போது செய்வதில்லை, ஆனால் நீங்களே கட்டலாம். டி என்று தொடங்கும் டிகே96, டிஎஃப்96, டிஏஎஃப்96, டிஎல்96 வால்வுகள் என்றால், இழைகளுக்கு 1.4 வோல்ற்றில் 125 மில்லிஅம்பியர். அதற்கு ஒரு பெரிய ரோச் பற்றரி. தகட்டுக்கு 90 வோல்ற். சதுர 9 வோல்ற் பற்றரி பத்தை, ஒன்றின் நேரை மற்றதன் எதிரோடு கோத்தால் அது சரி. இழுப்பது சுமார் 10 மில்லிஅம்பியர். அல்கலைன் பற்றரி 50 மணித்தியாலம் அளவு வரும்.

கவனம் ஒன்றே ஒன்று. 90 வோல்ற் தவறி இழைக்குப் போனால் நாலு வால்வும் ஒரு கணத்தில் போய்விடும், அவை இலகுவில் கிடைக்காது. இரண்டு பற்றரிக்கும் வேறு வேறு மாதிரியான பிளக் வையுங்கள். முதல் தரம் 90 வோல்ற் வயரில் 1 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். வால்வுகளைக் கழற்றிவிட்டு, இழைக் குழிகளில் மீற்றர் வைத்து, 1.5க்கு மேல் இல்லை என்று கண்ட பிறகே வால்வுகளைப் பொருத்துங்கள்.

கேள்வி (பருத்தித்துறை வாசகர்): டயல் நூல் அறுந்து போச்சு. தங்கூசி போடலாமோ?

பதில்: தங்கூசி வழுக்கும், இழுபடும், ஊசி நின்ற இடத்தில் நிற்காது. பின்னிய நூல், 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர், மீன்பிடிச் சாமான் கடைகளில் இருக்கிறது. தண்டில் இரண்டரைச் சுற்று. நுனி முடிச்சில் ஒரு துளி நகப்பூச்சு.

கேள்வி (கோண்டாவில் வாசகர்): எல்லாம் திருத்தியாச்சு. ஆனா ஊண்டு இரையுது, நிலையமும் பிடிக்குதில்லை. முந்தித் தமிழோசை கேட்ட இடத்தில ஒண்டுமே இல்லை.

பதில்: தமிழோசை இல்லாதது உங்கள் பெட்டியின் குற்றமல்ல. பி.பி.சி.யின் தமிழ் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. சிற்றலையில் தேடுவதை விட்டு, இருட்டிய பிறகு மத்திய அலையில் பாருங்கள். பகலில் வான்மண்டலத்தின் கீழ்ப்படை மத்திய அலையை விழுங்கும், இரவில் அது மறைந்ததும் தூர நிலையங்கள் வரும். முதலில் தேட வேண்டியவை புத்தளம் 882, திருச்சி 936 கிலோஹேட்ஸ். பழைய டயலில் மீற்றர்தான் எழுதியிருக்கும். மூன்று இலட்சத்தைக் கிலோஹேட்ஸால் பிரித்தால் மீற்றர் வரும்: புத்தளம் 340, திருச்சி 320. ஊசி இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நிற்பதைக் கண்டு, சுருள் குவளைகளின் திருகாணியைத் திருக வேண்டாம். அவை கலைந்தால் சிக்னல் ஜெனரேற்றர் இல்லாமல் திரும்ப வராது.

இரைச்சலுக்கு: சத்தத்தை முழுக்கக் குறைத்தாலும் ஊங்காரம் அப்படியே இருந்தால் வடிகட்டிக் கொண்டென்சர். குறைத்தால் போகிறதென்றால் அதற்கு முன்னாலுள்ள கட்டம், பெரும்பாலும் ஒரு வால்வின் இழைக்கும் கதோட்டுக்கும் இடையிலான கசிவு. நிலையத்தில் நிற்கும்போது மட்டும் ஊங்கினால் மெயின்ஸ் பக்கத்துக் கொண்டென்சரைப் பாருங்கள். ‘சர்ர்’ என்ற இரைச்சல் என்றால் பெட்டியில் தேட வேண்டாம். பற்றரியில் ஓடும் சின்ன ஏஎம் றேடியோவை நிலையமில்லாத இடத்தில் வைத்து வீட்டைச் சுற்றி நடவுங்கள். எல்ஈடி மின்குமிழ், போன் சார்ஜர், கூரைச் சூரியத் தகட்டின் இன்வேட்டர், இவற்றில் ஒன்றுக்குக் கிட்ட அது கத்தும். பிறகு வீட்டுக்கு வெளியே, இரண்டு பனைக்கு நடுவில் பத்து மீற்றர் வயர் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். ஐப்பசி இடிமுழக்கம் தொடங்கினால் அதைக் கழற்றி வெளியே விடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி மாணவர்): போனில இருக்கிற பாட்டை இதுக்குள்ளால கேக்கலாமோ?

பதில்: ரான்ஸ்போமர் வைத்த பெட்டி என்றால் கேட்கலாம், தம்பி. பின்னுக்கு இசைத்தட்டுக்கு என்று இரண்டு குழி இருக்கும். போனின் இடம், வலம் இரண்டு வயரிலும் தனித்தனியாக 4.7 கிலோஓம் போட்டு, மறுமுனைகளை ஒன்றாக்கிச் சேஸியோடு இணையாத குழிக்கு, பொதுவயரைச் சேஸிக் குழிக்குக் கொடுங்கள். அதற்கு முன் சேஸிக்கும் சுவர் ஏர்த்துக்கும் இடையில் ஏசி வோல்ற்று ஒருமுறை பாருங்கள். சேஸிக்கு ஏர்த் வயர் கொடுத்திருந்தால் பூச்சியம் காட்ட வேண்டும்.

யூ வால்வுப் பெட்டி என்றால் வயரே வேண்டாம். காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனுக்கு 230 வோல்ற் வரும். அதற்கு ஒரு சின்ன ஏஎம் ஒலிபரப்பியை மேசையில் வைத்து, றேடியோவை அதற்குத் திருப்புங்கள்.

கேள்வி (மானிப்பாய் வாசகி): கண்ணாடியில ஊர்ப்பெயரெல்லாம் மங்கிப் போச்சு. எதால துடைக்கிறது?

பதில்: முன்பக்கத்தை மட்டும், ஈரத்துணியால். பெயர்கள் அச்சடித்திருப்பது உட்பக்கத்தில். அங்கே தண்ணீர் பட்டால் லண்டனும் டில்லியும் துணியோடு வந்துவிடும். காய்ந்த மெல்லிய பிறஷ்ஷால் புழுதியை மட்டும் தட்டிவிட்டு அப்படியே பொருத்துங்கள்.